தோன்றா எழுவாய்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயரும் திருநெல்வேலிதான். அங்குள்ளவர்கள் பேச்சுவழக்கில் அதைத் தின்னவேலி என்கிறார்கள். நம் ஊருக்கு வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த பெயரும் ஏறக்குறைய அதுவே. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல், "அப்போ அது நம்ம யுனிவர்சிட்டி மாதிரிதானா மேம்?" என்று கேட்டாள். அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்த பெண். பிறகு என்னிடமே முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தாள்.

ஈழப் பெண் கவிஞர்களின் கவிதைகளில் துயர வெளிப்பாடு என்பது ஆய்வுத் தலைப்பு. நான்தான் வைத்துக் கொடுத்தேன். தமிழ்த்துறைகளில் இப்படித்தான் தலைப்பு வைப்போம். யாரும் மறுக்க மாட்டார்கள். மூன்று இயல்களை அவள் தலைப்புக்குள் நின்று எழுதினாள். நான்காவது இயலில் வெளியே வந்துவிட்டாள். அந்தக் கவிதைகளை எழுதிய பெண்கள் படித்த பல்கலைக்கழகத்துக்கு என்ன நடந்தது, அவர்களில் யார் யாரால் மௌனமாக்கப்பட்டார்கள் என்று தேதி வாரியாக எழுதியிருந்தாள். ஆய்வுக் குழுவில் ஒருவர், இது இந்திய இராணுவத்தை இழிவுபடுத்துகிறது என்றார். இன்னொருவர், இது போராளிகளை இழிவுபடுத்துகிறது என்றார். வேறு எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அந்த இயலை நீக்குவதில் ஒன்றுபட்டார்கள். வராந்தாவில் வைத்து அவளிடம், "அந்த இயல விட்ரும்மா. முதல்ல பட்டத்த வாங்கு" என்று சொன்னது நான்.

"அப்போ செல்விக்கு என்ன ஆச்சுன்னு எழுதாண்டாமா மேம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையை அந்தக் கேள்விக்குக் காலம் தாழ்த்திச் சொல்லும் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாக 1974இல், பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் அது தொடங்கியது. முதல் தலைவர் க. கைலாசபதி. 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் முறையால் தமிழ் மாணவர்கள் பல்கலைக்கழகம் நுழைய அதிக மதிப்பெண் எடுக்க வேண்டிய நிலை வந்திருந்தது. படிப்பு பறிபோகிறது என்ற கோபமே ஒரு தலைமுறையை அரசியலுக்குத் தள்ளியது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. இதெல்லாம் நம் மாணவிகளுக்குத் தெரியும். நூலக எரிப்பைப் பற்றித் தமிழ்நாட்டில் கவிதை எழுதாத கவிஞர் குறைவு, நானும் எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் பாடங்களில் மங்கலாகிவிடுகிறது. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தையடுத்து இந்திய அமைதிப்படை அங்கே இறங்கியது. அக்டோபரில் அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அக்டோபர் 11 நள்ளிரவில் இந்தியப் படையினர் ஹெலிகாப்டர்களில் வந்து இறங்கியது எங்கே தெரியுமா? பல்கலைக்கழக மைதானத்தில். அந்த இரவில் இறந்தவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. பத்து நாள் கழித்து, அக்டோபர் 21, 22 தேதிகளில், யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினர் மருத்துவர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் திருநெல்வேலிக்கும் இந்தத் திருநெல்வேலிக்கும் பெயரைத் தாண்டியும் ஓர் உறவு இருக்கிறது. அங்கே போனது நாம் வரி கட்டும் அரசின் படை.

அந்த இடிபாட்டுக்குள் பல்கலைக்கழகத்தைத் திரும்பத் திறக்கவைக்க முன்னின்றவர்களில் ஒருவர் ரஜனி திராணகம. 1954இல் பிறந்தவர். மருத்துவர். இங்கிலாந்தில் ஆய்வுப் பட்டம் முடித்தபின் அங்கேயே தங்கியிருக்கலாம். இரண்டு பெண் குழந்தைகளோடு ஊருக்குத் திரும்பி, உடற்கூறியல் துறைத் தலைவராக இருந்தார். போரில் சிதைந்த பெண்களுக்காக 'பூரணி' இல்லத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1988இல் சக ஆசிரியர்களோடு சேர்ந்து மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைத் தொடங்கினார். அவரும் ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோரும் சேர்ந்து எழுதிய நூல்தான் 'முறிந்த பனை'.

இந்த நூலை ஈழப் போரின் ஆவணம் என்று மட்டுமே இங்கே அறிமுகப்படுத்துகிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் தன் வேலையைச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கான சான்றாகவும் நான் அதைப் பார்க்கிறேன். எழுதியவர்களைப் பாருங்கள்: உடற்கூறியல் கற்பித்த ஒரு பெண், மனநல மருத்துவர் ஒருவர், கணிதம் கற்பித்த இருவர். தமிழ் கற்பித்தவர் எவரும் இல்லை. மொழியையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது.

நூலில் ரஜனி எழுதிய, பெண்களின் அனுபவங்களைப் பற்றிய பகுதி, 1987 அக்டோபர் போரில் பெண்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறது. அவர் பெண்களைத் தேடிப்போய்க் கேட்டார். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், மகனை இழந்தவர்கள், சோதனைச் சாவடியில் அவமானப்பட்டவர்கள் எனப் பலர் பேசினார்கள். அவர் அதைக் கேட்டுக் கண்ணீர் வடிப்பதோடு நிற்கவில்லை. யார் செய்தது, ஏன் செய்ய முடிந்தது, சொந்தச் சமூகம் அந்தப் பெண்ணைப் பிறகு எப்படி நடத்தியது என்று மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்டார். இந்தியப் படையைக் குற்றம்சாட்டிய அதே பேனா, மக்கள் நடுவில் நின்று போரிட்டு அவர்களைப் பலிகொடுத்த இயக்கத்தின் மேலும் திரும்பியது. பெண்ணின் மானத்தைப் பேசிப் பேசி அவள் வாயை அடைக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் மேலும் திரும்பியது. உடற்கூறியல் படித்தவர் அல்லவா! எந்த உறுப்பையும் விட்டுவைக்காமல் அறுத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

இந்த நூலுக்கும் ஒரு குறை உண்டு. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. யாருடைய வாய்மொழி அதில் இருக்கிறதோ, அந்தப் பெண்களில் பலரால் அதைப் படித்திருக்க முடியாது. உலகத்துக்குச் சொல்லும் அவசரத்தில் பக்கத்து வீட்டுக்காரியின் மொழி பின்தள்ளப்பட்டது. ஆனால் தமிழில் எழுதியிருந்தால் இங்கே நாம் படித்திருப்போமா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை.

1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரஜனி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. நூல் அச்சில் வந்தது அடுத்த ஆண்டில். கொன்றவர்கள் விடுதலைப் புலிகள் என்று அவருடைய குடும்பத்தினரும் தோழர்களும் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். எவரும் தண்டிக்கப்படவில்லை.

'சுட்டுக் கொல்லப்பட்டார்.' என் மாணவியின் நான்காவது இயல் நீக்கப்பட்ட பிறகு, ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ரஜனியைப் பற்றி மிஞ்சியது இந்த ஒற்றை வாக்கியம்தான். பள்ளியிலேயே செய்வினை, செயப்பாட்டுவினை படிக்கிறோம். செயப்பாட்டுவினையில் செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். தோன்றா எழுவாய் என்று இன்னொன்றும் படிக்கிறோம். எழுவாய் வெளியே தெரியாது. வினைமுற்றைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். தமிழில் வன்முறையைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த இரண்டு வசதிகளையும் நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம்.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனவர்களைக் காவல்துறை தடியால் அடித்து விரட்டியது. பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் செத்தார்கள். 'ஆற்றில் மூழ்கி இறந்தார்கள்' என்றது அரசுத் தரப்பு. இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. ஆற்றுக்குள் விரட்டியது யார் என்பது மட்டும் அதில் இல்லை.

இனி கவிதைகளுக்கு வருகிறேன். 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற தொகுப்பை வெளியிட்டது. சித்திரலேகா மௌனகுரு முன்னுரை எழுதித் தொகுத்தார். சிவரமணி, ஔவை, ஊர்வசி, அ. சங்கரி உள்ளிட்ட பத்துப் பேரின் கவிதைகள். தமிழில் பெண் கவிதை என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தச் சிறு நூலைத் தொடாமல் போக முடியாது. தமிழ்நாட்டில் தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் எழுதவந்த என்னைப் போன்றவர்களுக்கு அது மூத்த அக்கா. ஆனால் அதை வெளியிட்டது ஓர் 'ஆய்வு' வட்டம் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். அந்தப் பெண்கள் சேர்ந்து படித்தார்கள், விவாதித்தார்கள், சீதனத்தையும் சாதியையும் இயக்கத்தையும் ஒரே மேசையில் வைத்துக் கேள்வி கேட்டார்கள். அந்த மேசையிலிருந்து பிறந்த தொகுப்பு அது. நாமோ மேசையை விட்டுவிட்டுக் கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சிவரமணி 1991 மே மாதத்தில் தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சியவற்றை நண்பர்கள் பின்னர் தொகுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்துக்கொண்டிருந்த செல்வி என்கிற செல்வநிதி தியாகராஜாவை விடுதலைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். 'தோழி' என்ற பெண்கள் இதழை நடத்தியவர். பூரணி இல்லத்தோடும் சேர்ந்து இயங்கியவர். 1992இல் பென் அமைப்பு எழுத்துரிமைக்கான விருதை அவருக்கு அறிவித்தது. வாங்கிக்கொள்ள அவர் வரவில்லை. பிறகு எப்போதும் வரவில்லை.

இவ்விருவரின் கவிதைகளையும் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் வந்த ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். இழப்பு, தனிமை, ஏக்கம், நம்பிக்கையின்மை என்று உட்தலைப்புகள் வரிசையாக இருக்கும். ஆண்கள் எழுதிய ஈழக் கவிதைக்கு அரசியல், வரலாறு, எதிர்ப்பு என்று வேறு உட்தலைப்புகள். அழுகையைப் பெண்ணுக்கும் ஆராய்ச்சியை ஆணுக்கும் எழுதிவைக்கும் பழைய பாகப்பிரிவினைதான் இது. கவிதையைத் துயரமாக்கிவிட்டால் யார்மேலும் குற்றம் விழாது. அதனால்தான் துயரம் என்ற சொல்லை எந்த ஆய்வுக் குழுவும் மறுப்பதில்லை.

நம் ஊர்ப் பெண்களிடம் துயரம்கூட இப்படிப் பல்லில்லாமல் இருப்பதில்லை. துட்டி வீட்டில் ஒப்பாரி பாடும் கிழவி வெறுமனே அழுகிறாளா? பங்கு கொடுக்காத கொழுந்தன், அடித்த புருசன், பார்க்க வராத அண்ணன் எல்லாரையும் பிணத்தின் முன்னால் வைத்து, உறவுமுறை சொல்லியே குற்றம்சாட்டுகிறாள். கேட்பவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். எழுத்தறியாத அந்தக் கிழவி எழுவாயோடு பாடுகிறாள். முனைவர் பட்டம் வாங்கிய நான் எழுவாயை எடுத்துவிடச் சொல்லிக்கொடுத்தேன்.

ஆக்கிரமிப்பின் கீழ் கல்வி என்று பேசும்போது பாலஸ்தீனம் நம் நினைவுக்கு உடனே வருகிறது. வரவும் வேண்டும். யாழ்ப்பாண வளாகம் தொடங்கிய அதே 1974இல், பீர்சேத் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹன்னா நாசிரை இஸ்ரேலிய இராணுவம் நாடு கடத்தியது. அவர் திரும்பிவர 1993 ஆயிற்று. 1988 ஜனவரியில் இராணுவ உத்தரவால் மூடப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம் 1992இல்தான் திறந்தது. இடைப்பட்ட நாட்களில் ஆசிரியர்களும் மாணவர்களும் வீடுகளில் ஒளிந்து வகுப்பு நடத்தினார்கள். காஸாவில் 2023 டிசம்பரில் ஆங்கில இலக்கியம் கற்பித்த கவிஞர் ரிஃபாத் அலரீர் குண்டுவீச்சில் குடும்பத்தினரோடு கொல்லப்பட்டார். 2024 ஜனவரியில் இஸ்ரா பல்கலைக்கழகக் கட்டடத்தை இஸ்ரேலியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. இங்கே நான் எழுவாயோடு எழுதுகிறேன். எனக்குக் கை நடுங்கவில்லை. இஸ்ரேலிய இராணுவம் என்று எழுதுவதால் வள்ளியூரிலோ பாளையங்கோட்டையிலோ எனக்கு எந்த நட்டமும் வராது. தொலைவில் இருக்கும் துப்பாக்கியின் பெயரைச் சொல்வது எளிது. பக்கத்தில் இருக்கும் துப்பாக்கியின் பெயரை, அதிலும் நம் கொடியையோ நம் மொழியையோ சுமந்துவரும் துப்பாக்கியின் பெயரைச் சொல்லும்போதுதான் கருத்துச் சுதந்திரத்துக்கு விலை இருக்கிறது. ரஜனி அந்த விலையைக் கொடுத்தார்.

போர் முடிந்தால் பல்கலைக்கழகம் தானாக விடுதலை பெற்றுவிடும் என்பதும் பொய். அரசுப் படையின் கணக்கு ஏற்கெனவே நீளமானது. 1990 செப்டம்பர் 5 அன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களில் 158 பேரை இலங்கை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் வீடு திரும்பவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் சி. ரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15 அன்று கொழும்பில் காணாமற்போனார். அந்த நகரத்தின் பாதுகாப்பு வளையத்துக்குள் அவரைக் கடத்த யாரால் முடிந்தது என்பதற்கு அரசு இன்றுவரை பதில் சொல்லவில்லை. 2009க்குப் பிறகும் இது நிற்கவில்லை. 2012 நவம்பர் 27 அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தவர்களுக்கு விளக்கேற்றியபோது, இராணுவத்தினர் பெண்கள் விடுதிக்குள்ளும் நுழைந்தார்கள். மறுநாள் எதிர்ப்பு தெரிவித்த மாணவர்களைக் காவல்துறை தாக்கியது. நான்கு மாணவர்கள் புனர்வாழ்வு என்ற பெயரில் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். 2021 ஜனவரி 8 இரவில், வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் இடிக்கப்பட்டது. இந்த முறை இடித்தது பல்கலைக்கழக நிர்வாகமே. மேலிடத்து அழுத்தம் என்று காரணம் சொன்னார்கள். மாணவர்கள் வாசலில் பட்டினி கிடந்தார்கள். மூன்றாம் நாள் துணைவேந்தரே வந்து மறுபடி அடிக்கல் நாட்டினார்.

அந்தக் கடைசி நிகழ்ச்சியில் நான் நம்மைப் பார்க்கிறேன். இராணுவம் வர வேண்டிய தேவையே இல்லை. நிர்வாகம் தானே இடித்துக்கொள்ளும். இதற்கு இரண்டு மாதம் முன்பு, 2020 நவம்பரில், இந்தத் திருநெல்வேலியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்' நூலை நீக்கியது. 2017 முதல் பாடமாக இருந்த நூல். ஏபிவிபி மாணவர் அமைப்பு புகார் கொடுத்தது, நூல் போய்விட்டது. அதன் இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வந்தன. கிருஷ்ணன் அருமையான எழுத்தாளர். அவரை ஒரு ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தியது அவருக்கும் மரியாதை அல்ல.

நம் நிலையையும் யாழ்ப்பாணத்தையும் காஸாவையும் நான் ஒன்றாக்கவில்லை. அப்படி ஒன்றாக்குவது செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. நமக்கு முன்னால் சோதனைச் சாவடி இல்லை. மாதச் சம்பளம் வருகிறது, மாலையில் பேருந்து ஏறி வீடு சேர்கிறோம். அப்படியிருந்தும் 'எதுக்கு வம்பு' என்ற இரண்டு சொற்களால் ஒரு இயலையே நம்மால் நீக்க முடிகிறது என்றால், நம்மிடம் இருக்கும் சாக்கு அவர்களுடையதைவிட மிகச் சிறியது. துப்பாக்கிக்கு முன்னால் பேசியவர்களைப் பற்றித் துப்பாக்கி இல்லாத அறையில் உட்கார்ந்து மௌனமாக ஆய்வு செய்கிறோம்.

அந்த மாணவி பட்டம் வாங்கிவிட்டாள். இப்போது ஒரு தனியார் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறாள். நீக்கிய இயலின் தாள்களை, "நீங்களே வச்சுக்கோங்க மேம்" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். 41 பக்கங்கள். கோபமாகக் கொடுத்தாளா, நம்பிக்கையோடு கொடுத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. பல மாதங்கள் அது என் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

இந்தப் பருவத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டுக்கு ஈழக் கவிதை நடத்தும்போது அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். செல்வியின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, 'செல்வி காணாமற்போனார்' என்று வாக்கியத்தை முடித்தேன். இதில் எழுவாய் எது என்று கேட்டேன். செல்வி என்றார்கள் எல்லாரும். இலக்கணப்படி சரி என்றேன். பிறகு அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு, செய்தவரை முதலில் வைத்து மறுபடி எழுதச் சொன்னேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு ஒவ்வொருத்தியாக நோட்டைத் திறந்தார்கள்.